கணவருக்கு உதட்டில், எனக்கு வேறிடத்தில்: ஹெர்பிஸ் எப்படிப் பரவியது?

கேள்வி: எனக்கு வயது 31. திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் பிறப்புறுப்பில் சிறு கொப்புளங்கள் வந்து உடைந்தன; சிறுநீர் கழிக்கும்போது தாங்க முடியாத எரிச்சல். மருத்துவர் ஹெர்பிஸ் என்றார். அறிக்கையில் ‘முதல் வகை’ என்று இருக்கிறது. கணவருக்குக் காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொப்புளம் வரும், மற்றபடி ஒன்றும் இல்லை. அவர் எனக்குத் துரோகம் செய்துவிட்டாரா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் என் துணிகளைத் தனியாக வெந்நீரில் துவைக்கிறேன். அடுத்த குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பதில்: துரோகம் என்று முடிவுகட்ட உங்கள் கடிதத்தில் எந்த ஆதாரமும் இல்லை, சகோதரி. கணவரின் உதட்டோரக் கொப்புளம் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கிறது.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரண்டு வகை. முதல் வகை வாய்க்கு, இரண்டாம் வகை பிறப்புறுப்புக்கு என்று கோடு போட்டுப் பிரித்த காலம் மலையேறிவிட்டது. உதட்டில் இருக்கும் முதல் வகை, வாய்வழி உறவின்போது துணையின் பிறப்புறுப்புக்குப் போய்ச் சேருவதை நாங்கள் சாதாரணமாகப் பார்க்கிறோம். உதட்டுக்கு அது எப்போது வந்திருக்கும்? பலருக்குச் சிறுவயதிலேயே, பாசத்தோடு முத்தமிட்ட யாரோ ஓர் உறவினரிடமிருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய 380 கோடிப் பேரிடம், அதாவது நூற்றுக்கு 64 பேரிடம், முதல் வகை இருக்கிறது. இத்தனை பேரையும் கூண்டில் ஏற்ற முடியுமா?

அறிக்கையை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். கொப்புளத்தில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, அதில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்திருந்தால் நம்பலாம். வெறும் ரத்தப் பரிசோதனை என்றால், முதல் வகை என்றோ உடலுக்குள் வந்திருக்கிறது என்பதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. உதட்டிலா, பிறப்புறுப்பிலா என்று ரத்தம் சொல்லாது. அப்படியானால், அடுத்த முறை கொப்புளம் தோன்றிய ஓரிரு நாளுக்குள் மாதிரி கொடுங்கள். தொற்றிய 2 முதல் 12 நாட்களில் கொப்புளம் வருவது வழக்கம். ஆனால் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு முதன்முறையாக வெளிப்படுவதும் உண்டு. ஆகவே யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் அடித்துச் சொல்ல முடியாது. மற்ற பால்வினை நோய்களுக்கான பரிசோதனையையும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் வந்த எல்லோருக்கும் சொல்வதுதான், இதற்கு வேறு அர்த்தம் தேட வேண்டாம்.

தோலோடு தோல் உரசுவதால் பரவும் நோய் இது. ஈரமான மென்சவ்வோ, கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்போ போதும், வைரஸ் உள்ளே நுழைந்துவிடும். பிறகு நரம்பு வழியே ஏறி, முதுகெலும்பின் அடிப்பகுதியில் உள்ள நரம்பு முடிச்சில், காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரரைப் போலத் தங்கிவிடும். உதட்டில் தொற்றியது முகத்துக்கான நரம்பு முடிச்சில் தங்கும். அவ்வப்போது அதே நரம்பு வழியே தோலுக்கு இறங்கி வரும். கொப்புளம் இருக்கும்போது வைரஸ் மிக அதிகம். ஆனால் எந்த அறிகுறியும் இல்லாத நாட்களிலும் அது சிறிதளவு வெளியேறும். தொற்றுகளில் பெரும்பகுதி அத்தகைய நாட்களில், இருவருக்குமே தெரியாமல் நடக்கின்றன. கழிப்பறை இருக்கை, படுக்கை விரிப்பு, துண்டு, நீச்சல்குளம் இவற்றால் பரவாது. வெந்நீர்த் துவையலை இன்றே நிறுத்திவிடுங்கள்.

புண் வந்த பிறகு எச்சரிக்கையாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். புண்ணுக்குச் சில மணி நேரமோ, ஓரிரு நாளோ முன்பே அந்த இடத்தில் குறுகுறுப்பு, ஊறல், எரிச்சல் தொடங்கும். சிலருக்குத் தொடையிலோ பிட்டத்திலோ சுரீரென்று வலிக்கும். அந்த நேரத்திலிருந்து புதுத் தோல் முழுதாக மூடும் வரை உறவு வேண்டாம், ஆணுறையோடும் வேண்டாம். அவருக்கு உதட்டில் குறுகுறுத்தால் முத்தமும் வாய்வழி உறவும் கூடாது. மற்ற நாட்களில் ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். அது மூடாத தோலிலும் வைரஸ் இருக்கலாம் என்பதால் முழுப் பாதுகாப்பு அல்ல. இரண்டாம் வகை உள்ளவர் வாலசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால் துணைக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. உங்கள் வீட்டுக்கு அது தேவைப்படாது என்பது என் கருத்து. இருவரிடமும் இருப்பது முதல் வகைதான் என்றால், நீங்கள் அதை அவருக்குத் திருப்பிக் கொடுப்பது அரிது; அவர் உடலில் ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கும். தவிர, பிறப்புறுப்பில் வரும் முதல் வகை, இரண்டாம் வகையைப் போல அடிக்கடி திரும்புவதில்லை. திரும்பினால் 24 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்க வேண்டும், அதனால் மருந்துச் சீட்டை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அடியோடு ஒழிக்கும் மருந்தோ தடுப்பூசியோ இன்றுவரை கிடையாது.

குழந்தையைத் தூக்கலாம், கொஞ்சலாம், குளிப்பாட்டலாம். புண்ணைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். கருவிழியில் ஹெர்பிஸ் வந்தால் பார்வையே பாதிக்கப்படலாம்.

அடுத்த குழந்தை தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாய்க்குப் புதிதாகத் தொற்றினால்தான் பெரிய ஆபத்து; பிரசவத்தின்போது குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு அப்போது 30 முதல் 50 சதவீதம். முன்பே தொற்றியிருந்தால், தாயின் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போய்விடும். அந்த வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். மகப்பேறு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். 36-ஆவது வாரத்திலிருந்து மாத்திரை தருவார். பிரசவ வலி எடுக்கும்போது புண்ணோ குறுகுறுப்போ இருந்தால் சிசேரியன், இல்லாவிட்டால் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. தாய்ப்பாலும் தரலாம், மார்பில் புண் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் வேண்டாம். பிறந்த முதல் சில வாரங்களில் இந்த வைரஸ் குழந்தையின் மூளையையும் கல்லீரலையும் தாக்கக்கூடும் என்பதால், பார்க்க வருகிறவர்கள் யாரையும் முத்தமிட விடாதீர்கள். உதட்டோரம் கொப்புளம் வைத்திருக்கும் அப்பாவுக்கும் இதில் சலுகை கிடையாது.