மேசை துடைப்பதற்கா முதுமாணி? நிலாவெளித் தாயார் ஒருவருக்குப் பதில்

அம்மா, புவியியல் சிறப்புப் பட்டம் பெற்ற மகள் சுற்றுலாவும் சமுதாய அபிவிருத்தியும் இணைந்த துறையில் முதுமாணி படிக்க விரும்புவதை எழுதி, "இவ்வளவு படித்தும் ஹோட்டலில் மேசை துடைக்கவா?" என்று கேட்டிருந்தீர்கள். ஹோட்டல் தொழிலைக் கற்பிப்பதற்கு 1964 முதல் கொழும்பில் தனி நிறுவனமே இருக்கிறது. அதுவும் கௌரவமான வழிதான், ஆனால் மகள் கேட்பது அதுவல்ல. ஓர் ஊருக்குப் பயணிகள் வரும்போது அந்த ஊரவருக்கு என்ன கிடைக்கிறது, அவர்கள் எதை இழக்கிறார்கள் என்பதே அவள் படிக்க விரும்பும் விடயம்.

அதற்கான பாடம் உங்கள் வாசலிலேயே கிடக்கிறது. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவுக்குப் போகும் பயணி, நுழைவுச்சீட்டுக்கு வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் பயணத்துக்குப் படகுக்காரருக்கும் பணம் கொடுக்கிறார். அந்தக் கடலில் முன்பு வலை வீசிய குடும்பத்துக்கு இதில் என்ன பங்கு? முருகைக்கல்லை மிதித்து உடைப்பவரை யார் தடுப்பது? வாடைக்காற்றும் மழையும் தொடங்கியதும் படகுகள் கரையேறிவிட, அடுத்த பருவம் வரை அந்த வீடுகளில் அடுப்பு எதனால் எரிகிறது? இவற்றுள் ஒன்றே நல்ல ஆய்வுக்கட்டுரைக்குப் போதும், வெளியூர் மாணவருக்கு எளிதில் வாய்க்காத அறிமுகமும் உங்கள் மகளுக்கு இருக்கிறது.

கற்கைநெறியின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். பட்டங்களைத் தரப்படுத்தும் இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் 30 திறமைப்புள்ளிகள் (credits) கொண்ட பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டத்திலும், ஆய்வுடன் கூடிய 60 புள்ளிகள் கொண்டது 10ஆம் மட்டத்திலும் வைக்கப்பட்டிருப்பதால், விரிவுரையாளராகும் எண்ணம் இருந்தால் பின்னதையே தேடட்டும். முதற்பட்டத்தைப் போலன்றி இதற்குக் கட்டணம் உண்டு; பெரும்பாலும் ஆங்கில மொழிமூலம்; வார இறுதி வகுப்பென்றால் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய்வரும் செலவையும் களைப்பையும் இப்போதே கணக்கில் எடுங்கள்.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தப் பட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு வரும் விளம்பரங்கள் அரிது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல், 2020 கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என்று மூன்று அடிகள் விழுந்தபோது, சுற்றுலாவை மட்டும் நம்பியிருந்தவர்கள் எப்படித் தவித்தார்கள் என்பதை நிலாவெளிக்காரரான உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதனால்தான் சமுதாய அபிவிருத்திப் பகுதியை இரண்டாந்தரமாக எண்ண வேண்டாம் என்கிறேன்: கிராம மட்டத்தில் கூட்டம் நடத்தவும், தரவு திரட்டவும், திட்ட முன்மொழிவு எழுதவும் தெரிந்தவரை அரச சார்பற்ற நிறுவனங்களும் மாகாண சபை அலுவலகங்களும் சுற்றுலா அல்லாத பணிகளுக்கும் எடுக்கும். இடையில் அரசின் அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனம் வந்தால் ஏற்றுக்கொண்டு பகுதிநேரமாகப் படிக்கட்டும். நியமனத்துக்காக வீட்டில் காத்திருப்பதை மட்டும் நான் ஆதரிக்கமாட்டேன்.

விண்ணப்பிக்கும் முன், இந்தப் பருவத்தில் ஒரு மாதம் படகுக்காரர்களோடு பேசிப் பழகி, கண்டதை இரண்டு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அதை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்பதை அப்போது பேசுவோம்.