பாஞ்சோவின் குட்டைத் தந்தி

கேள்வி: பாஞ்சோ அமெரிக்க வாத்தியம்தானே? அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

பதில்: வளர்ந்த இடம் அமெரிக்கா, தாய்வீடு ஆப்பிரிக்கா. மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல் பக்கத்து ஜோலா மக்களிடம் அகோன்டிங் என்று ஒரு வாத்தியம் உண்டு. சுரைக்குடுக்கையின் வாயில் தோல், செருகிய நீளக் கழி, மூன்று தந்திகள். அதில் ஒன்று குட்டை. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் இப்படிப்பட்ட வாத்தியங்களின் நினைவோடு போய், கரீபியத் தீவுகளில் கிடைத்த குடுக்கையில் மறுபடி செய்துகொண்டார்கள். ஜமைக்காவில் அதைப் பார்த்த ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் 1707இல் படமே அச்சிட்டார். அவர் போட்ட பெயர் 'ஸ்ட்ரம் ஸ்ட்ரம்ப்'. பெயரா அது, வாசித்த சத்தமா!

எழுதியவர்கள் வேறு, வாசித்தவர்கள் வேறு. காதில் விழுந்ததை ஆளுக்கொரு விதமாக எழுதிவைத்தார்கள்: பான்ஸா, பாஞ்சர், பாஞ்சில். அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் எழுதியது 'பாஞ்சார்'. அடிமைகள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்றும் சேர்த்தே எழுதினார். மூலச்சொல் எது என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. அங்கோலாவின் கிம்புண்டு மொழியில் உள்ள 'ம்பான்ஸா' என்பது ஒரு கட்சி. 'பண்டோர்' என்ற ஐரோப்பியத் தந்தி வாத்தியத்தின் பெயர்தான் வாயில் புரண்டு இப்படி ஆனது என்பது இன்னொரு கட்சி. என் ஓட்டு ம்பான்ஸாவுக்கு. உடம்பு செனகல் பக்கம், பெயர் அங்கோலா பக்கமா என்று கேட்காதீர்கள். பல இனத்தாரை ஒரே தோட்டத்தில் அடைத்தால் அப்படித்தான் ஆகும்.

கேள்வி: இன்றைய பாஞ்சோவின் ஐந்து தந்திகளில் ஐந்தாவது மட்டும் ஏன் பாதியில் நிற்கிறது?

பதில்: அதில் சூடுபட்டவன் நான். மேலே கட்டைவிரல் பக்கம் இருப்பதால் அதுதான் கீழ்ச்சுருதித் தந்தி என்று நினைத்து, தடித்த தந்தியை மாட்டி முறுக்கினேன். 'டங்'கென்று அறுந்து புறங்கையில் கோடு போட்டது. உண்மையில் அதுதான் மெல்லிசு, சுருதியில் எல்லாவற்றுக்கும் மேல். அதன் பிரடை, அதாவது தந்தியை முறுக்கும் ஆணி, தலைப்பக்கம் இல்லை. கழுத்தின் விளிம்பில், ஐந்தாவது மெட்டருகே (மெட்டு என்பது கழுத்தின் குறுக்கே உள்ள கம்பி) தனியாக இருக்கிறது. அதை விரலால் அழுத்தி வாசிப்பது அபூர்வம். கட்டைவிரல் தட்டிக்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் பாட்டைப் பார்த்துக்கொள்ளும்.

ஜோயல் ஸ்வீனி என்ற அமெரிக்க பாஞ்சோ கலைஞர்தான் இந்தக் குட்டைத் தந்தியைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை ரொம்ப நாள் ஓடியது. அவர் பிறந்தது 1810இல். அதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் கரோலினாவில் தீட்டிய நீர்வண்ண ஓவியத்தில் ஒருவர் குடுக்கை பாஞ்சோ வாசிக்கிறார். அதிலேயே குட்டைத் தந்தி இருக்கிறது.

கேள்வி: புல்புல்தாராவையும் பாஞ்சோ என்கிறார்களே?

பதில்: டைப்ரைட்டர் மாதிரி பொத்தான்களைத் தட்டுகிறோமே, அதுதானே? அது ஜப்பானிய டைஷோகோட்டோவின் வழி வந்தது. பாஞ்சோவுக்குத் தோல் உண்டு, இதற்குக் கிடையாது. பெயர் மட்டும் கடன்.