பொறியியல், வேளாண்மை, கலைப்புலம்: இம்மூன்றிலும் நடக்கும் ஆய்வுகளை ஒரே அளவுகோலால் மதிப்பிட முடியுமா?

இந்தக் கேள்விக்குள் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. பொறியியலிலும் வேளாண்மையிலும், வரலாறு, இலக்கியம், மொழியியல் முதலான கலைப்புலத் துறைகளிலும் நடப்பவை எல்லாம் உண்மையிலேயே ஒரே வகைச் செயல்தானா என்பது ஒன்று. அப்படியானால் அவற்றுள் எது மேலானது என்று ஒப்பிட்டுச் சொல்ல முடியுமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் சொல்வேன். பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வேடுகளை வகைப்படுத்தும் பணியில் இருக்கிறேன். எந்தத் துறையிலும் ஆழ்ந்த புலமை இல்லாமலே எல்லாத் துறைகளின் முன்னுரைகளையும் முடிவுரைகளையும் படிக்க நேரும் வேலை இது. என் கருத்தை அந்த எல்லைக்குள் வைத்துப் படியுங்கள்.

தலைப்புகளை மட்டும் பார்த்தால் இந்த ஆய்வேடுகளுக்குள் எந்த உறவும் தெரியாது. ஒன்று காற்றாலை இறகின் அதிர்வைப் பற்றியது. அடுத்தது நெல்லின் வேர் ஆழத்தைப் பற்றியது. அதற்கடுத்தது ஒரு பழைய உரையாசிரியரின் மேற்கோள் முறையைப் பற்றியது. ஆனால் "நீங்கள் சொல்லும் காரணத்தைத் தவிர வேறொரு காரணம் இருக்க முடியாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று தேர்வாளர் கேட்கும் கேள்விக்கு மூவருமே பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்விக்கு எத்தகைய பதில் ஏற்கப்படும், அதைத் தேட எவ்வளவு காலம் பிடிக்கும் என்பவற்றில்தான் துறைகள் பிரிகின்றன.

பொறியியலில் பதில் பெரும்பாலும் ஓர் எல்லையாக வரும்: இவ்வளவு சுமை வரை, இவ்வளவு வெப்பம் வரை, இத்தனை சுழற்சிகள் வரை இது தாங்கும். அந்த எல்லையைக் கண்டறிய ஒன்றை உடைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1954இல் காமெட் வகைப் பயணிகள் விமானங்கள் அடுத்தடுத்து நடுவானில் சிதறியபோது, அதே வகை விமானம் ஒன்றின் உடற்பகுதியைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் அது கிழியும் வரை சோதித்தார்கள். சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் உலோகம் வலுவிழக்கும் உலோகச் சோர்வு, விமான வடிவமைப்பில் எவ்வளவு பெரிய இடர் என்பது அதன்பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது. பல ஆண்டுகளில் நிகழ வேண்டியதைச் சில வாரங்களுக்குள் சுருக்கிப் பார்க்கும் இந்த வசதி மற்ற இரண்டு புலங்களுக்கும் எளிதில் கிட்டுவதில்லை.

வேளாண்மையை எடுத்துக்கொள்ளுங்கள். பருவத்தை அவசரப்படுத்த முடியாது. ஓராண்டு விளைச்சல் கூடினால் அதற்குக் காரணம் புதிய உரமா, அந்த ஆண்டின் மழையா, அந்தப் பாத்தியின் மண்ணா என்று பிரித்தறிவது மிகக் கடினம். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஜான் லாஸ், ஜோசப் கில்பர்ட் இருவரும் 1843இல் தொடங்கிய கோதுமைச் சோதனை இன்றும் அதே வயலில் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பாத்திக்கு எந்த உரமும் இடுவதில்லை; இன்னொன்றுக்குத் தொழுவுரம்; மற்றவற்றுக்கு வெவ்வேறு அளவில் இரசாயன உரங்கள். அறுவடைதோறும் தானியமும் வைக்கோலும் மாதிரியாக எடுத்துப் பத்திரப்படுத்தப்பட்டன. 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அந்தப் பழைய மாதிரிகளிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, கோதுமையின் இலைகளைத் தாக்கும் இரண்டு பூஞ்சைகளுக்கிடையிலான விகிதம் ஒன்றரை நூற்றாண்டில் எப்படி மாறியது என்று கணக்கிட்டது. காற்றில் கலந்த கந்தக டை ஆக்சைடின் ஏற்ற இறக்கத்தோடு அந்த விகிதமும் சேர்ந்தே மாறியிருந்தது. மாதிரிகளை எடுத்து வைக்கத் தொடங்கியவர்களுக்கு டி.என்.ஏ. என்ற ஒன்று இருப்பதே தெரியாது. இன்றைய நிதிக்குழு ஒன்றிடம் "பயன் என்னவென்று இப்போது தெரியாது, ஆனாலும் நூறு ஆண்டுகள் சேர்த்து வைக்கப்போகிறோம்" என்று விண்ணப்பித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அதே ரோதம்ஸ்டெட்டில்தான், குவிந்து கிடந்த எண்களிலிருந்து ஏதாவது பெற முடியுமா என்று பார்க்க 1919இல் ரொனால்டு ஃபிஷர் என்ற இளம் கணிதவியலாளர் பணியமர்த்தப்பட்டார். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆய்வாளர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்காமல் குலுக்கல் முறையில் ஒதுக்க வேண்டும் என்றும், மண் ஒத்திருக்கும் பாத்திகளைத் தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்றும் அவர் வகுத்த முறை, சோதனை வடிவமைப்பு என்ற தனித் துறையாகவே வளர்ந்தது. வயலில் பிறந்த இந்த முறை வயலோடு நிற்கவில்லை. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்து 1948இல் பிரிட்டனில் வெளியான புகழ்பெற்ற ஆய்வில் நோயாளிகள் சமவாய்ப்பு முறையில்தான் பிரிக்கப்பட்டார்கள். தொழிற்சாலைகளில் தர மேம்பாட்டுக்கும் அதே சிந்தனை சென்று சேர்ந்தது. தலைப்பிலுள்ள கேள்விக்கு நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவதும் இதுதான்: பொறியியல் முதல் இலக்கியம் வரை ஆய்வுகளின் பரப்பு பரந்தது என்று சொல்வதன் பொருளைத் தலைப்புகளின் எண்ணிக்கையில் தேடுவதைவிட, ஒரு துறையின் முறை இன்னொரு துறைக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதில் தேடுவது பயன் தரும்.

இந்தப் போக்குவரத்து ஒருவழிப்பாதை என்று பலர் எண்ணுகிறார்கள். அறிவியலும் பொறியியலும் கருவிகளைச் செய்து தரும், கலைப்புலம் அவற்றை வாங்கிக்கொள்ளும் என்று. ஆனால் எதிர்த்திசையிலும் அது நடந்திருக்கிறது. 1913இல் ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்த்ரேய் மார்க்கோவ், கவிஞர் புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' காவியத்திலிருந்து முதல் 20,000 எழுத்துகளை எடுத்துக்கொண்டு, உயிரெழுத்துக்குப் பின் மெய்யெழுத்து வரும் வாய்ப்பு எவ்வளவு, மெய்க்குப் பின் மெய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கையால் எண்ணிக் கணக்கிட்டார். ஒன்றையடுத்து ஒன்றாக நிகழ்பவை முன்னதைச் சார்ந்திருக்கும்போதும் நிகழ்தகவுக் கணிதம் செல்லுபடியாகும் என்று காட்டுவதற்குக் கவிதை வரிகள் அவருக்குத் தரவாயின. மார்க்கோவ் சங்கிலி என்ற அந்தக் கருத்து பின்னாளில் தகவல் தொடர்பு, பேச்சறிதல், இணையத் தேடல் ஆகியவற்றின் அடித்தளத்தில் இடம்பிடித்தது. இந்தியப் புள்ளியியலாளர் பிரசாந்த சந்திர மகலனோபிசின் கதையும் இதைப் போன்றதே. மனித உடல் அளவுகளை வைத்து மக்கள் குழுக்களுக்கிடையிலான நெருக்கத்தைக் கணக்கிட முயன்றபோது அவர் உருவாக்கி 1936இல் விளக்கமாக வெளியிட்ட 'தொலைவு' அளவை, இன்று எந்திரங்களின் பழுதை முன்கூட்டியே கண்டறியும் பொறியாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்துகிறார்கள்.

மூன்று புலங்களும் ஒரே சிக்கலில் சந்தித்த நிகழ்வு ஒன்றைக் காட்டச் சொன்னால், இந்தோனேசியாவிலுள்ள பாலித் தீவின் நெல் வயல்களைச் சொல்வேன். அங்கே உழவர்கள் சுபாக் எனப்படும் நீர்ப்பாசனக் குழுக்களாக இணைந்திருக்கிறார்கள். எந்தக் குழு எப்போது நடவு செய்வது, எப்போது தரிசு விடுவது என்பது நீர்க்கோயில்களின் வழியாக முடிவாகும். 1970களில் அதிக விளைச்சல் தரும் நெல் வகைகளைக் கொண்டுவந்து, பழைய அட்டவணையை விட்டுவிட்டு முடிந்தபோதெல்லாம் நடவு செய்யுமாறு அரசு ஊக்குவித்தது. சில ஆண்டுகளில் நீர்ப் பங்கீடு குலைந்தது. புகையான் உள்ளிட்ட பூச்சிகள் பெருகின. அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் கோயில்களின் பணியை ஆராய்ந்து, சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து இரண்டு ஆறுகளுக்கிடையிலுள்ள 172 சுபாக்குகளைக் கணினியில் மாதிரியாக அமைத்துப் பார்த்தார்.

அந்த மாதிரி காட்டியது இதுதான். பரந்த நிலப்பரப்பில் எல்லாரும் ஒரே காலத்தில் தரிசு விட்டால் பூச்சிகளுக்கு உணவின்றிப் போகும். ஆனால் எல்லாரும் ஒரே காலத்தில் நடவு செய்தால் நீர் போதாது. ஒவ்வொருவரும் தன் விருப்பப்படி நட்டால் நீர்ச் சிக்கல் தணியும், பூச்சி பெருகும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சரியான அளவு, கோயில் வலையமைப்பு குழுக்களை ஒருங்கிணைக்கும் அளவுக்கு மிக அருகில் இருந்தது. கால்வாயை மட்டும் பார்த்த பொறியாளருக்கும் விதையை மட்டும் பார்த்த வேளாண் வல்லுநருக்கும் கோயில் சடங்கு தொடர்பற்ற ஒன்றாகத் தெரிந்திருக்கும். சடங்கை மட்டும் பார்க்கும் மானிடவியலாளரும், கணினி மாதிரியும் பூச்சியியலும் இல்லாமல், அது விளைச்சலை எப்படிப் பாதிக்கிறது என்று நிறுவியிருக்க முடியாது. பழைய வழக்கங்கள் எல்லாமே அறிவார்ந்தவை என்று சொல்வதற்கு இதைச் சான்றாகக் காட்டுபவர்களோடு நான் உடன்படவில்லை. இந்த ஒரு வழக்கம் சோதிக்கப்பட்டது, சோதனையில் நின்றது, அவ்வளவே.

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். ஆய்விதழ்களைத் தரவரிசைப்படுத்தப் பரவலாகப் பயன்படும் தாக்கக் காரணி, ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதைக் கணக்கிடுகிறது. வேகமாக நகரும் பொறியியல் துறைகளுக்கு இந்த இரண்டாண்டுச் சாளரம் ஓரளவு பொருந்தும். கணினி அறிவியலிலோ முக்கியமான முடிவுகள் பல மாநாட்டுக் கட்டுரைகளாகவே வருவதால் அங்கேயும் அது முழுப் படத்தைத் தருவதில்லை. வேளாண்மையில் பல பருவங்கள், பல இடங்கள் என்று சோதித்து முடிக்கவே அந்தச் சாளரத்தைவிடக் கூடுதல் காலம் ஆகும். வரலாற்றிலும் இலக்கியத்திலும் தலையாய வெளியீடு நூல்தான். ஒரு நல்ல பதிப்பு முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மேற்கோள் காட்டப்படும், வெளிவந்த இரண்டாம் ஆண்டில் ஒருவரும் அதைத் தொட்டிருக்க மாட்டார். இதழின் எண்ணை வைத்துத் தனி ஆய்வாளரை மதிப்பிடக் கூடாது என்று வலியுறுத்தும் சான் பிரான்சிஸ்கோ அறிவிப்பு 2012இல் உருவாகியும், நியமனக் குழுக்களும் பதவி உயர்வுக் குழுக்களும் அந்த எண்ணையே நாடுவதைக் காண்கிறேன். எண் இருந்தால் விவாதம் தேவையில்லை என்பது அதன் கவர்ச்சி.

துறைகளைக் கடந்த ஆய்வுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அத்தகைய ஆய்வை மதிப்பிட வேண்டியவர் யார் என்பதே தெளிவாக இருப்பதில்லை. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது கரியாகிப்போன, ஹெர்குலேனியம் என்ற பண்டைய ரோமானிய நகரின் பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்களைத் திறக்காமலே எக்ஸ் கதிர் வழி படம்பிடித்து, 2023இல் அவற்றிலிருந்து ஒரு கிரேக்கச் சொல்லைப் படித்தார்கள். எழுத்தின் தடத்தைக் கண்டுபிடித்தது இயந்திரக் கற்றல். அது மை, பாப்பிரசின் இழை அல்ல என்றும், இன்ன சொல்தான் என்றும் உறுதிசெய்தவர்கள் பழஞ்சுவடி அறிஞர்கள். இத்தகைய ஆய்வேடு ஒன்று வந்தால் கணினியியலாளரை மட்டும் தேர்வாளராக நியமித்தால் பாதி ஆய்வு சோதிக்கப்படாமல் போகும். அடுக்கும் வேலையிலும் இதே தொல்லைதான்: நூல்களைத் துறைவாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையில் பொறியியலுக்கு 620, வேளாண்மைக்கு 630 என்று இரண்டும் அண்டை வீடுகள், வரலாறு 900இல் தொலைவில் இருக்கிறது. பாசன வரலாறு பற்றிய ஆய்வேட்டை எங்கே வைத்தாலும் அதைத் தேட வேண்டிய இருவருள் ஒருவர் கண்ணில் படாது.

நீங்கள் ஆய்வுத் துறையைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், தலைப்புகளின் பட்டியலை ஒப்பிடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மூன்று புலங்களிலிருந்தும் அண்மையில் வந்த ஆய்வேடு ஒவ்வொன்றை எடுத்து, ஆய்வு முறை பற்றிய அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். எந்தச் சான்றுக்காகக் காத்திருப்பது உங்களுக்குச் சலிப்பைத் தரவில்லை என்று பாருங்கள். ஆய்வகத்தில் உடையும் வரை காத்திருப்பதா, அடுத்த பருவத்துக்காகக் காத்திருப்பதா, ஒரு சுவடியின் இன்னொரு படி எங்காவது கிடைக்குமா என்று காத்திருப்பதா. முனைவர் பட்டத்தின் பெரும்பகுதி அந்தக் காத்திருப்பில்தான் கழியும்.