அமெரிக்காவில் ரைபிள் பாகங்களைக் கொண்டு கைத்துப்பாக்கி செய்யலாமா?

கேள்வி கேட்டவர் டெக்ஸாஸில் வசிக்கிறார். தன்னிடம் இருக்கும் ஏ.ஆர்-15 ரைபிளின் தோள்கட்டையைக் கழற்றி, நீளக் குழலுக்குப் பதிலாகப் பத்தரை அங்குலக் குழலை மாட்டினால் அது சட்டப்படி கைத்துப்பாக்கி ஆகிவிடுமா என்பது அவருடைய ஐயம்.

ஆகாது. அனுமதி பெறாமல் அப்படிச் செய்வது பத்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய கூட்டாட்சிக் குற்றம். தயவுசெய்து ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

சட்டம் துப்பாக்கி என்று கருதுவது சீரியல் எண் பொறித்த ரிசீவரை, அதாவது சுடும் பொறி அமரும் உடற்பகுதியை மட்டுமே. ஏ.ஆர்-15இல் அது கீழ்ப்பகுதி, அதாவது லோயர். குழல், ட்ரிகர், ஸ்பிரிங் எல்லாம் வெறும் உதிரிபாகங்கள்; அவற்றை ஒரு ரைபிளிலிருந்து எடுத்துக் கைத்துப்பாக்கியில் போடுவதில் தவறில்லை. ஆனால் அந்த ரிசீவர் முதன்முதலில் எதுவாகக் கோக்கப்பட்டது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதலில் ரைபிளாக இருந்ததைப் பிறகு குறுக்கினால், குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, அது "ரைபிளிலிருந்து செய்யப்பட்ட ஆயுதம்". கட்டையைக் கழற்றிவிட்டேன் என்ற வாதம் அங்கே எடுபடாது.

இந்த விசித்திரத்துக்கு வேர் 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தில் இருக்கிறது. அந்த மசோதா முதலில் கைத்துப்பாக்கிகளையும் பதிவுக்கும் 200 டாலர் வரிக்கும் உட்படுத்த முனைந்தது. ரைபிளை அறுத்துக் கைத்துப்பாக்கி போல ஒளித்துக்கொள்ளும் குறுக்கு வழியை அடைப்பதற்காகவே குட்டை ரைபிள்களும் அதில் சேர்ந்தன. பிறகு எதிர்ப்பு கிளம்பி, கைத்துப்பாக்கிகள் மசோதாவிலிருந்து நீங்கின. குட்டை ரைபிள்கள் மட்டும் சட்டத்தில் தங்கிவிட்டன. வீடே இல்லாத இடத்தில் வேலி மட்டும் நிற்பது போன்ற நிலை இது. இந்த விதியில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நியாயமில்லை என்பதற்காக அது வலுவிழந்துவிடாது.

எதிர்த்திசையில் கதை வேறு. தாம்ப்சன் சென்டர் என்ற நிறுவனம் கன்டெண்டர் என்னும் ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கியைச் செய்தது. பத்து அங்குலக் குழல் கொண்ட அதனுடன், 21 அங்குலக் குழலும் தோள்கட்டையும் அடங்கிய மாற்றுத் தொகுப்பையும் விற்றது. அந்தத் தோள்கட்டையைப் பத்து அங்குலக் குழலோடும் மாட்டிவிடலாம் என்பதால், இரண்டும் ஒருவர் கையில் இருந்தாலே குட்டை ரைபிள் என்றது அரசு. நிறுவனம் வரியைக் கட்டிவிட்டு, பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடர்ந்தது. 1992இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2011இல் துப்பாக்கிச் சட்டங்களை நடைமுறைப்படுத்தும் கூட்டாட்சி அமைப்பான ஏ.டி.எஃப். அதை ஒட்டி விளக்கம் வெளியிட்டது: கைத்துப்பாக்கியாகத் தொடங்கியதை நீளக் குழலுடன் ரைபிளாக்கி, மீண்டும் கைத்துப்பாக்கியாக்கலாம், ரைபிளாகத் தொடங்கியதற்கு அந்த வழி கிடையாது.

ஆகவே கைத்துப்பாக்கிதான் வேண்டுமென்றால், இதுவரை எதுவாகவும் கோக்கப்படாத புதிய ரிசீவரை வாங்குங்கள். கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் கடைக்காரர் அதை ரைபிள் என்று எழுதாமல், ரிசீவர் என்றே எழுதுகிறாரா என்று பாருங்கள். நான் ரசீதைப் பத்திரப்படுத்தி, முதன்முறை கைத்துப்பாக்கியாகக் கோத்தபோது சீரியல் எண் தெரியும்படி தேதியுடன் ஒரு படமும் எடுத்து வைத்தேன். சட்டம் அதைக் கேட்பதில்லை. ஆனால் நாளை கேள்வி எழுந்தால் பேசப்போவது அந்தப் படம்தான். பழைய ரிசீவரானால், அது முதலில் எதுவாகக் கோக்கப்பட்டது என்று சீரியல் எண்ணைச் சொல்லித் தயாரிப்பாளரிடம் விசாரியுங்கள். தோள்கட்டையைக் குட்டைக் குழலோடு ஒருபோதும், ஒரு நிமிடம்கூட, சேர்க்காதீர்கள்.

குழலை அளக்கவும் முறை இருக்கிறது. தோட்டா இல்லை என்று உறுதி செய்து, குழலின் பின்வாயை அடைக்கும் பாகமான போல்ட்டை மூடி, முனை வழியாக ஒரு மெல்லிய மரக்கோலை அது போல்ட்டைத் தொடும் வரை விட்டு, முனையில் குறியிட்டு எடுத்து அளக்க வேண்டும். திருகிக் கழற்றக்கூடிய முனைப்பாகம் கணக்கில் வராது. பற்றவைத்து நிரந்தரமாக்கியது வரும்.

கைத்துப்பாக்கியின் பின்புறம் பொருத்தி முன்கையோடு கட்டிக்கொள்ளும் பிரேஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிரேஸ் பொருத்திய பல கைத்துப்பாக்கிகளைக் குட்டை ரைபிளாக்கிய 2023 விதியை, டெக்ஸாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் 2024 ஜூனில் ரத்து செய்தது.

கையிலிருக்கும் ரைபிளையேதான் குறுக்க வேண்டுமென்றால், ஏ.டி.எஃப்.க்குப் படிவம் 1 வழியாக விண்ணப்பித்து, கைரேகையும் படமும் கொடுத்து, ஒப்புதல் வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். 2026 ஜனவரி 1 முதல் அந்த 200 டாலர் வரி இல்லை. பதிவு அப்படியே இருக்கிறது. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களின் தனிச் சட்டங்கள் இன்னும் கடுமையானவை என்பதால், வேறு மாநிலத்துக்கு எடுத்துச் செல்லும் முன் அங்குள்ள வழக்கறிஞரைக் கேளுங்கள்.

இதைப் படிக்கும் தமிழர்களில் பலர் எச்-1பி விசாவில் இருப்பீர்கள். கிரீன் கார்டு இல்லாமல் அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம்; செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. 4473 படிவத்தில் குடியுரிமை, விசா பற்றிய கேள்விகள் இருக்கின்றன. அங்கே தெரிந்தே பொய்யாகப் பதில் எழுதுவது தனிக் குற்றம்.