எமர்ஜி கணக்கு: கேள்வி பதில்

வேளச்சேரி வாசகர்: பள்ளிக்கரணை சதுப்புல ஒரு ஹெக்டேருக்கு எமர்ஜி போடணும். வெயில், மழை, காத்து மூணையும் கூட்டணுமா?

கூட்டாதீங்க. எமர்ஜின்னா ஒண்ணு உண்டாக நேராவும் மறைமுகமாவும் செலவான மொத்த ஆற்றல், சூரிய ஆற்றல் கணக்குல. மழையையும் காத்தையும் ஓட்டுறது அதே வெயில்தான். கூட்டினா ஒரே ஆற்றலைத் திரும்பத் திரும்ப எண்ணுவீங்க. மூணுல பெரிசு எதுவோ அதை மட்டும் எடுங்க.

ஆண்டு மழை 1,400 மி.மீ. என்று வைங்க. ஹெக்டேருக்கு 14,000 கன மீட்டர், அதாவது 1.4 × 10¹⁰ கிராம். கடல்நீரோடு ஒப்பிட்டா மழைநீர்ல கிராமுக்கு 4.94 ஜூல் வேதி ஆற்றல் உண்டு. பெருக்கினா 6.9 × 10¹⁰ ஜூல். மழையோட ஒரு ஜூலுக்குப் பின்னால 18,199 சூரிய ஜூல் உழைப்பு இருக்குன்னு எமர்ஜி கணக்கை உருவாக்கின அமெரிக்கச் சூழலியலாளர் எச்.டி. ஓடம் 1996-ல போட்டார். டிரான்ஸ்ஃபார்மிட்டின்னு சொல்றது இதைத்தான். மொத்தம் 1.26 × 10¹⁵ சூரிய எம்ஜூல் (எமர்ஜியோட அலகு இது). வெயில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 5 யூனிட்னா 6.6 × 10¹³ தான் வரும், மழையில இருபதுல ஒரு பங்கு.

இதுவும் உச்சவரம்புதான். வடகிழக்குப் பருவத்துல ஒக்கியம் மடுவுங்கிற வடிகால் வழியா வடியுற நீர் சதுப்புக்குள்ள வேலை செய்யலை. அதைக் கழிச்சு, ஆவியானதையும் செடி உறிஞ்சினதையும் மட்டும் வைங்க.

தாம்பரம்: ஒரே மழைக்கு ரெண்டு கட்டுரையில ரெண்டு எண் இருக்கே?

அடிநிலை பாருங்க, அதாவது பூமிக்கு ஆண்டுக்கு வர்ற மொத்த எமர்ஜின்னு எதை வச்சாங்கன்னு. 1996-ல 9.44 × 10²⁴, 2000-ல 15.83 × 10²⁴, 2016-ல 12.0 × 10²⁴ சூரிய எம்ஜூல். புது அடிநிலைக்கு மாத்த 18,199-ஐ 12.0/9.44 ஆல் பெருக்குங்க: சுமார் 23,100. அடிநிலை எழுதாத அட்டவணையைத் தொடாதீங்க.

அண்ணா நகர்: ரூபாயில எவ்வளவு?

நாட்டோட ஓராண்டு மொத்த எமர்ஜியை அதே ஆண்டு மொத்த உற்பத்தியால (ஜிடிபி, ரூபாயில) வகுத்து, அந்த விகிதத்தால உங்க எண்ணை வகுங்க. அந்த விகிதமும் அதே அடிநிலையில இருக்கணும்.

மயிலாப்பூர், பொருளியல் படிச்சவர்: வாங்குறவன் தர்றதுதானே மதிப்பு? உங்க கணக்குல பெருங்குடி குப்பைமேட்டுக்கும் எமர்ஜி ஏராளம். அதையும் பாதுகாக்கணுமா?

சரியான இடி. எமர்ஜி சொல்றது உண்டாக்க ஆன செலவை. விரும்புறவன் மனசை இல்லை. பிளாஸ்டிக் மேட்டுல எமர்ஜி கொட்டிக் கிடக்கு, ஆனா அமைப்புக்குத் திரும்பக் கொடுக்கிறது ஏதும் இல்லை. நாணல் வெள்ளத்தைத் தேக்கும், கழிவை வடிகட்டும், அடுத்த வருஷ விளைச்சலுக்கு ஊட்டமும் தரும். எமர்ஜியை அதிக வேகத்துல பயனுள்ளதா ஓட்டுற அமைப்புதான் நிலைக்கும்னு சொல்ற ஓடமோட உச்ச எம்பவர் கொள்கை இந்தத் திரும்பல்லதான் நிக்குது. அதை அளக்காம மொத்தத்தை மட்டும் காட்டினா நீங்க சொல்றதுதான் ஜெயிக்கும்.

மயிலாப்பூர் மறுபடி: அப்போ திரும்பலுக்கு யார் எடை போடுவாங்க?

ஒவ்வொரு திரும்பல் பாதைக்கும் தனி வரி போடுங்க, எங்கே போய்ச் சேருதுன்னு படத்துல காட்டுங்க. எடை போடுற இடத்துல தீர்ப்பு கலக்கும், மறைக்க முடியாது.

போரூர்: ரூபாயில சொல்லுங்க சார்.

மேல பாருங்க.

ஆவடி: கார்பன் கிரெடிட்?

என் துறை இல்லை.

குரோம்பேட்டை: ரூபாய் மதிப்பு...

மேல இருக்கு. அடிநிலையும் மேலயே இருக்கு.