கணக்கு டீச்சர் பதில்கள்: நடுவில் நிற்பது எது?

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சராசரி, இடைநிலை அளவு, முகடு (அதிக முறை வரும் எண்) மூன்றின் விளக்கத்தையும் தலைகீழாக ஒப்பிப்பாள். ஆனால் 8, 3, 15, 4, 5 என்ற எண்களுக்கு இடைநிலை அளவு 15 என்று எழுதியிருக்கிறாள். இன்னும் எத்தனை கணக்குகள் போட வைப்பது?
- ஒரு தாய்

பதில்: ஒன்றுகூட வேண்டாம், அம்மா. இந்த ஐந்து எண்களே போதும். எழுதியிருந்த வரிசையில் மூன்றாவதை எடுத்ததால், இருப்பதிலேயே பெரிய எண்ணைப் பிடித்து நடுவில் உட்கார வைத்துவிட்டாள். ஐந்து துண்டுத் தாள்களில் எண்களை எழுதித் தரையில் சிறியது முதல் பெரியது வரை அவளையே அடுக்கச் சொல்லுங்கள்: 3, 4, 5, 8, 15. பிறகு இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு தாளாக எடுத்துக்கொண்டே வந்தால் 5 மிஞ்சும். ஆறு தாள்கள் என்றால் இரண்டு மிஞ்சும். அவற்றைக் கூட்டிப் பாதியாக்க வேண்டும்.

இதே எண்களின் சராசரி 7. ‘கூட்டு, வகு’ என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், பட்டியலிலேயே இல்லாத இந்த 7 எங்கிருந்து முளைத்தது என்று பிள்ளைக்குப் புரியாது. 8, 3, 15, 4, 5 என்ற உயரங்களில் பொம்மைக் கட்டைகளை அடுக்குங்கள். கட்டை இல்லையென்றால் பொத்தான்கள். உயர்ந்ததிலிருந்து எடுத்துக் குட்டையானவற்றின் மேல் வைத்து எல்லாவற்றையும் சமமாக்கட்டும். ஐந்தும் 7-இல் வந்து நிற்கும்.

அடுத்து 15-ஐ அழித்து 40 என்று எழுதுங்கள். என்ன ஆகும் என்று முதலில் ஊகிக்கட்டும், பிறகு கணக்கிடட்டும். சராசரி 12-க்குத் தாவிவிடும். ஐந்தில் நான்கு எண்கள் அதற்குக் கீழே! இடைநிலை அளவோ 5-ஐ விட்டு அசையாது.

அதற்கும் மேல் பயிற்சி வேண்டுமென்றால், விடையைக் கொடுத்துவிட்டுக் கணக்கைக் கேளுங்கள். சராசரி 6, இடைநிலை அளவு 5, முகடு 4. இவை வரும்படி ஐந்து முழு எண்களைச் சொல்லட்டும். மூன்று விடைகள் உண்டு என்பதற்கு மேல் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

கேள்வி: பட்டை வரைபடம், நிகழ்வுச் செவ்வகம் இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? பட்டைகளை ஒட்டி வரைந்ததற்கு என் மகனுக்கு மதிப்பெண் போய்விட்டது.
- ஒரு தந்தை

பதில்: பட்டைகளை இடம் மாற்றிப் பாருங்கள். பிடித்த விளையாட்டு எது என்று கேட்டு வரைந்த படத்தில் கால்பந்தை முதலில் வைத்தாலும் கடைசியில் வைத்தாலும் செய்தி மாறாது. தனித்தனி வகைகள், அதனால் நடுவே இடைவெளி. உயரம் 140-150, 150-160 சென்டிமீட்டர் என்று போகும் நிகழ்வுச் செவ்வகத்தில் இடம் மாற்ற முடியுமா? ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குவதால்தான் அங்கே ஒட்டி வரைகிறோம்.

பையனின் படத்தில் இன்னொன்றையும் பாருங்கள். பட்டை வரைபடத்தின் செங்குத்து அச்சு பூச்சியத்தில் தொடங்குகிறதா? 40-இல் தொடங்கினால் 45-ஐவிட 50 இரண்டு மடங்கு உயரமாக நிற்கும். பெரியவர்கள் போடும் விளம்பரங்களிலும் இந்தக் குறும்பு உண்டு.

கேள்வி: ஏழு பேரில் 3, 3, 1 என்று பிரித்து வட்ட விளக்கப்படம் வரைந்தேன். கோணங்களைக் கூட்டினால் 359 பாகைதான் வருகிறது. எங்கே தவறு?
- எட்டாம் வகுப்பு மாணவி

பதில்: தவறு இல்லை. 154.29, 154.29, 51.43 என்ற மூன்றையும் முழு எண்ணாக்கியபோது தசமங்கள் உதிர்ந்துவிட்டன. அந்த ஒரு பாகையை, அதிகம் இழந்த 51-க்குக் கொடுத்துவிடு. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786-இல் பட்டை வரைபடத்தையும் 1801-இல் வட்டப் படத்தையும் அச்சில் கொண்டுவந்தார். எனக்கு அவருடைய முதல் பிள்ளையைத்தான் பிடிக்கும். கோணங்களைவிட நீளங்களை ஒப்பிடுவது கண்ணுக்கு எளிது.

கேள்வி: எல்லா எண்களும் வெவ்வேறாக இருந்தால் முகடு 0 என்று எழுதலாமா?
- ஆறாம் வகுப்பு மாணவன்

பதில்: கூடாது. ‘முகடு இல்லை’ என்று எழுது. 0 என்பதும் ஓர் எண்தான். என் வகுப்பில் ஒருவன் காலணி அளவுகளை எழுதிவிட்டு முகடு 0 என்றான். “அந்த அளவுச் செருப்பு யார் காலில் இருக்கிறது, காட்டு” என்றேன். அவன் முதலில் என் காலைத்தான் பார்த்தான்.