'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' வெறும் கல்யாணக் கதைதானே, அதில் இலக்கியமாக என்ன இருக்கிறது?

"ஐந்து பெண்கள், மாப்பிள்ளை தேடி அலையும் ஒரு அம்மா, கடைசியில் பணக்கார மாப்பிள்ளை. இதை ஏன் இருநூறு வருடமாகத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதைக் கேட்டவன்தான். பி.ஏ. ஆங்கிலத்தில் எங்களுக்கு இந்த நாவல் பாடம். நாவலைத் தொடாமல், கைடை மட்டும் புரட்டி, முரண்நகை, பாத்திரப் படைப்பு, கதைக்களம் என்று தலைப்பு போட்டு அடிக்கோடிட்டு மூன்று பக்கம் எழுதினேன். பாஸும் ஆகிவிட்டேன்.

பல வருடம் கழித்து ஒரு நீண்ட ரயில் பயணத்தில், கையில் வேறு புத்தகம் இல்லாத கொடுமையால், முதல் தடவையாக முழுதாகப் படித்தேன். பதினாறாவது அத்தியாயத்தில் ஏமாந்தேன். ஏமாந்தது தெரியாமலே இன்னும் இருபது அத்தியாயம் போனேன். நாவலை எழுதிய ஜேன் ஆஸ்டின் என்னை எப்படி ஏமாற்றினார் என்பதுதான் உங்கள் கேள்விக்கு என் பதில். (கதையின் முக்கியமான இடங்களைப் போட்டு உடைக்கப் போகிறேன். படிக்கும் உத்தேசம் இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.)

எலிசபெத் பென்னட்டுக்கு இருபது வயது. ஒரு நடன விருந்தில் டார்சி என்ற பெரும் பணக்காரன் அவள் காதுபடவே, "பார்க்கச் சகிக்கும், ஆனால் என்னை மயக்கும் அளவுக்கு அழகில்லை" என்று சொல்லிவிடுகிறான். அவனோடு அவளுக்கு ஆகாமல் போகிறது. நமக்கும்தான். அப்புறம் ஊருக்கு ஒரு படைப்பிரிவு வருகிறது. அதில் புதிதாகச் சேர்ந்த விக்கம், அவளுடைய சித்தி வீட்டில் மற்றவர்கள் சீட்டாடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் சோகக்கதையைச் சொல்கிறான். டார்சியின் அப்பா தன்னைப் பிள்ளைபோல வளர்த்ததாகவும், பாதிரியார் பதவி ஒன்றைத் தனக்கென்று ஒதுக்கியதாகவும், அவர் போனபின் மகன் அதைத் தராமல் ஏமாற்றிவிட்டதாகவும் சொல்கிறான். எலிசபெத் நம்புகிறாள். நானும் நம்பினேன்.

அந்த அத்தியாயத்தின் முடிவில் ஒரு வரி வரும்: அவன் எதைச் சொன்னாலும் நன்றாகச் சொன்னான், எதைச் செய்தாலும் நளினமாகச் செய்தான். முதல் வாசிப்பில் இது ஆசிரியரே கொடுக்கும் நற்சான்றிதழ்போல இருக்கும். இல்லை. அது எலிசபெத்தின் மயக்கம். "என்று எலிசபெத் நினைத்தாள்" என்ற மூன்று சொல்லை ஆஸ்டின் வேண்டுமென்றே போடவில்லை, அவ்வளவுதான். கதைசொல்லியின் குரல் சத்தமில்லாமல் பாத்திரத்தின் மனசுக்குள் புகுந்து, அங்கிருந்தே பேசும். இன்றைக்கு எல்லா எழுத்தாளர்களும் கையாளும் இந்த உத்தியை ஆங்கில நாவலில் இவ்வளவு பழகிய கையோடு முதலில் செய்து காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

சரி, ஏமாற்றினார் என்றால் எதையாவது மறைத்தாரா? அதுதான் அழகு, ஒன்றையும் மறைக்கவில்லை. அதே பேச்சில் விக்கம், "அவன் அப்பாவை மறக்க முடியாதவரை மகனை நான் வெளியில் காட்டிக்கொடுக்க மாட்டேன்" என்கிறான். எப்போது சொல்கிறான்? அப்போதுதான் அறிமுகமான ஒரு பெண்ணிடம் அந்த மகனை முழுசாகக் காட்டிக்கொடுத்துக்கொண்டே. "டார்சிக்குப் பயந்து நான் ஒதுங்க மாட்டேன்" என்றும் சொல்கிறான். இரண்டே அத்தியாயம் தள்ளி டார்சி வரும் நடன விருந்துக்கு ஆள் வரவில்லை. டார்சி ஊரைவிட்டுப் போனதும் கதை ஊர் முழுக்கப் பரவுகிறது. மூன்று தடயமும் மேஜைமேல் பளிச்சென்று கிடக்கின்றன. நாம் பார்ப்பதில்லை, ஏனென்றால் எலிசபெத் பார்க்கவில்லை, நாமோ அவள் கண்ணை இரவல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

நாவல் திரும்பும் இடம் ஒரு கடிதம். டார்சி அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்து, அவளுடைய குடும்பத்தின் தாழ்வையும் கூடவே விலாவாரியாகச் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனபின், விக்கம் சொன்ன கதைக்குத் தன் பதிலை எழுதி மறுநாள் காலை கொண்டுவந்து கொடுப்பது. அவள் முதலில் கோபத்தோடு படிக்கிறாள். ஒரு சொல்லும் உண்மையில்லை, இனி இதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி பிரிக்கிறாள். வரி வரியாக, ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாக. சித்தி வீட்டுச் சாயங்காலம் அப்படியே நினைவுக்கு வருகிறது. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் இதையெல்லாம் ஒருவன் ஏன் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் உறைக்கிறது. இந்த நிமிஷம்வரை என்னையே எனக்குத் தெரியவில்லை என்கிறாள். முப்பத்தாறாவது அத்தியாயம் முழுக்க ஒரு பெண் ஒரு கடிதத்தை மறுபடி படிக்கிறாள், அவ்வளவே நடக்கிறது. நான் அங்கே விரல் வைத்துக்கொண்டு பதினாறாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனேன்.

1796-97இல் ஆஸ்டின் இதை முதலில் எழுதியபோது வைத்த பெயர் 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்', முதல் பார்வையில் மனதில் பதிவது. அவருடைய அப்பா ஒரு பதிப்பாளருக்கு எழுதிக் கேட்டார். மறு தபாலிலேயே வேண்டாம் என்று பதில் வந்தது. பின்னால் ஆஸ்டின் அதைத் திருத்தி எழுதி 110 பவுண்டுக்கு விற்றார். 1813 ஜனவரியில் மூன்று பாகமாக வெளிவந்தது, அட்டையில் அவர் பெயர்கூட இல்லாமல். கதைக்குள் டார்சியின் வருமானம் வருடத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு!

தொகை என்றதும் ஞாபகம் வருகிறது. இதைக் காதல் கதை என்று சொல்பவர்கள் இதில் எத்தனை கணக்கு வருகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எலிசபெத்தின் அப்பா பென்னட்டின் சொத்து வருடத்துக்கு இரண்டாயிரம் தரும், ஆனால் ஆண் வாரிசுக்குத்தான் போகும். அவர் கண்ணை மூடினால் வீடும் நிலமும் காலின்ஸ் என்ற தூரத்து உறவுக்காரப் பாதிரியாருக்கு. அந்தக் காலின்ஸ் எலிசபெத்திடம் கல்யாணம் பேச வரும் காட்சியைப் பாருங்கள். நான் கல்யாணம் செய்துகொள்ள முதல் காரணம், இரண்டாவது காரணம், மூன்றாவது காரணம் என்று பிரசங்கம்போல அடுக்குகிறான். மூன்றாவது காரணம், அவனை ஆதரிக்கும் சீமாட்டி செய்துகொள்ளச் சொன்னாராம். போகிற போக்கில், உனக்கு வரப்போவது நாலு சதவீத வட்டியில் கிடக்கும் ஆயிரம் பவுண்டு, அதுவும் உன் அம்மா காலத்துக்கு அப்புறம்தான், அதைப்பற்றி நான் குறை சொல்ல மாட்டேன் என்று பெருந்தன்மை வேறு. சிரித்து முடித்தபின் கணக்குப் போட்டால் வருடத்துக்கு நாற்பது பவுண்டு. அந்த அம்மா மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று ஏன் பறக்கிறாள் என்பது அப்போது புரியும்.

எலிசபெத் மறுத்த சூட்டோடு அதே காலின்ஸைக் கட்டிக்கொள்பவள் அவளுடைய தோழி ஷார்லட், வயது இருபத்தேழு. எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் அவள் வீட்டில்தான் இருக்கிறது. அங்கே போய்த் தங்கும் எலிசபெத்துக்கு ஒரு சந்தேகம். பெரிய, வெளிச்சமான அறை இருக்கும்போது பெண்கள் புழங்க இந்தப் பின்னறையை ஏன் இவள் தேர்ந்தெடுத்தாள்? பிறகு தெரிகிறது. நல்ல அறையில் உட்கார்ந்தால் புருஷன் அடிக்கடி அங்கே வந்துவிடுவான். ஒரு அறையை வைத்து ஒரு தாம்பத்தியம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கண்ணீர் இல்லை, புலம்பல் இல்லை.

குறையே இல்லையா என்றால், உண்டு. நடுமகள் மேரியிடம் ஆஸ்டின் காட்டும் ஏளனம் எனக்கு உறுத்துகிறது. பாடத் தெரியாமல் பாடுவதைத் தவிர அந்தப் பெண் செய்த பாவம் ஒன்றுமில்லை. விருந்தில் எல்லோர் முன்னாலும் அப்பாவே, "போதும்மா, எங்களை ரொம்ப நேரம் சந்தோஷப்படுத்திவிட்டாய்" என்று உட்காரவைக்கிறார். முதல் தடவை நான் சத்தமாகச் சிரித்த இடம் அது.

அந்த அப்பாதான் ஆஸ்டின் நமக்கு வைத்திருக்கும் இரண்டாவது பொறி. விக்கமின் வேஷத்தைக் கதையே கலைத்துக் காட்டிவிடுகிறது. பென்னட் விஷயத்தில் நமக்கு அவ்வளவு சுலபமாக உறைப்பதில்லை, ஏனென்றால் நாவலின் நல்ல நகைச்சுவையெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வருகிறது. காலின்ஸை மறுத்த மகளிடம், "அவனைக் கட்டிக்கொள்ளாவிட்டால் உன் அம்மா உன் முகத்தில் விழிக்க மாட்டாள், கட்டிக்கொண்டால் நான் விழிக்க மாட்டேன்" என்பார். இப்படி ஒரு அப்பா யாருக்குப் பிடிக்காது? ஆனால் கடைக்குட்டி லிடியாவை பிரைட்டன் என்ற கடற்கரை ஊருக்கு அனுப்பாதீர்கள் என்று எலிசபெத் கெஞ்சும்போதும் அவர் ஒரு நகைச்சுவை சொல்லித்தான் நழுவுகிறார். போகவிடாவிட்டால் வீட்டில் நிம்மதி இருக்காதாம். லிடியா அங்கிருந்து விக்கமோடு ஓடிப்போகிறாள்.

லண்டனில் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பிவந்து, டீ குடிக்கும்போது மகளிடம் அவர் சொல்கிறார்: "என்மேல் எவ்வளவு தப்பு என்று வாழ்க்கையில் ஒரு தடவையாவது நான் உணரட்டும். அதில் மூழ்கிவிடுவேன் என்று பயமில்லை, சீக்கிரமே போய்விடும்." இரண்டாம் தடவை படிக்கும்போதும் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.